பரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியப் படகு

போளூர் வட்டாரத்தில் படகு வாங்க நினைப்பவர் முதலில் கரையைப் பார்க்கவேண்டும். அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் படவேட்டுக்கு அருகே இருக்கும் செண்பகத்தோப்பு அணையின் முழு நீர்மட்டம் 62.32 அடி. செய்யாற்றின் குறுக்கே உள்ள குப்பநத்தம் 59.04 அடி, மிருகண்டா நதி அணை 22.97 அடி. திருவண்ணாமலையைத் தாண்டி தென்பெண்ணையில் நிற்கும் சாத்தனூர் 119 அடி. கார்த்திகையில் நிரம்பித் தளும்பும் இந்த நீர், பங்குனி சித்திரையில் எங்கோ உள்ளே போய்விடுகிறது. கரை 20 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிந்திருந்தால், நீர்மட்டம் 30 அடி இறங்கும்போது நீரின் விளிம்பு 600 அடி பின்வாங்கும். அந்த 600 அடியும் வெடித்த சேறு, பாறை, மரக்கட்டை. ஏறுவதும் அப்படித்தான். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி நீரைத் திறந்துவிட நேர்ந்தது.

இப்படிப்பட்ட நீரில் எந்தப் படகு பிழைக்கும்? இந்த ஊர்க்காரர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்த விடை பரிசல். ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, ஒரு காலத்தில் தோலும் பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்திச் செய்தார்கள். இப்போது நீர்த்தேக்க மீனவர்களிடம் ஃபைபர் பரிசல் பரவிவிட்டது. ஒருவரே கவிழ்த்து முதுகில் போட்டுக்கொண்டு சேற்றைக் கடந்து போய்விடலாம். துறை வேண்டாம், டிரெய்லர் வேண்டாம்.

பரிசலை ஏழைகளின் தற்காலிக ஏற்பாடு என்று நினைப்பவர்கள் அதன் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். நீர்மட்டத்தில் 2 மீட்டர் விட்டமுள்ள பரிசல், 3.14 சதுர மீட்டர் நீரை மூடுகிறது. அதில் 31 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர்தான் அமிழும். இரண்டு பேர், தங்கூசி வலை, பரிசலின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து 200 கிலோ என்றாலும் ஆறரை சென்டிமீட்டர் நீர் போதும். முழங்கால் ஆழத்தில் புதைந்து கிடக்கும் மரக்கட்டையின் மேல் அது வழுக்கிப் போய்விடும். வட்டமாக இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் வலையை இழுக்கலாம். ஒருவர் தனியாக, கரையோரம், விடியற்காலையில் வலை எடுக்கப் போகும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கலத்தை நான் பார்த்ததில்லை.

பரிசலின் எல்லை தூண்டில் வீசும்போது தெரியும். வட்டத்துக்கு முன்னும் பின்னும் கிடையாது. துடுப்பை ஒரு பக்கம் தள்ளினால் கலம் சுழலும். காற்றடித்தால் காற்றின் போக்குக்குப் போகும். நீர்த்தேக்கத்தின் நடுவே, பழைய ஆற்றுப் படுகையின் விளிம்பில் பதுங்கியிருக்கும் வாளையைத் தேடிப் போகிறவர் அங்கே நின்றபடி, ஒரே திசையைப் பார்த்து, மணிக்கணக்கில் தூண்டிலை வீசவேண்டும். வாளை மீட்டர் நீளத்தையும் தாண்டி வளரும், பல் நிறைந்த வாய்க்காரன். பிடிபட்ட பிறகு படகோரத்தில் அது துள்ளும்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள்.

வட அமெரிக்காவில் இதே வகையான வேட்டைக்கு ஒரு மீன் இருக்கிறது. அதன் பெயர் மஸ்கி. பைக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதுவும் மீட்டர் நீளத்தைத் தாண்டும். பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று கிடைக்கும் என்று அங்கே சொல்வார்கள். மின்னசோட்டா, விஸ்கான்சின் ஏரிகளில் அதைத் தேடிப் போகிறவர்களில் ஏராளமானோர் அலுமினியப் படகில்தான் போகிறார்கள். அந்த வழக்கத்துக்குப் பின்னால் போர் விமானங்கள் இருக்கின்றன. 1944-ல் கிரம்மன் விமான நிறுவனத்தின் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன், அடிரோண்டாக் மலைக்காட்டில் கித்தான் போர்த்திய கனத்த சிறுபடகை ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குத் தூக்கிச் சுமந்தார். விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத் தகட்டில் இதைச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போர் முடிந்த 1945-லேயே அந்த நிறுவனம் அலுமினியச் சிறுபடகுகளை விற்கத் தொடங்கிவிட்டது. அங்கேயும் தொடக்கப் புள்ளி, படகைத் தூக்க வேண்டியிருந்ததுதான்.

பின்னாளில் அமெரிக்க ஏரிகளில் கான்கிரீட் இறங்குதுறைகள் வந்தன, டிரெய்லர்கள் வந்தன, படகுகள் பெருத்தன. மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. காற்று அங்கே மைல் கணக்கில் ஓடி அலையை வளர்க்கும். அந்த அலையைக் கிழிக்க ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகமும் 18 அடி நீளமும் பெரிய மோட்டாரும் வேண்டும். அந்தப் படகின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுச் செண்பகத்தோப்பில் கொண்டுவந்து இறக்கினால், கோடையில் அதை நீர் வரைக்கும் கொண்டுபோக டிராக்டர்தான் தேவைப்படும்.

ஆகவே நமக்கு வேண்டியது, பரிசலின் லேசான எடையும் குறைந்த அமிழ்வும் கொண்ட, அதே சமயம் முன்னும் பின்னும் உள்ள ஒரு கலம். 12 அடி நீளமுள்ள தட்டையடி அலுமினியப் படகு இதற்கு நெருங்கி வருகிறது. எந்த அலுமினியம், எந்த அகலம், எந்த இணைப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அகலம். படகு சாயும்போது அமிழும் பக்கத்தில் நீர் அதிகமாக இடம்பெயர்கிறது. அதனால் நீர் மேலே தள்ளும் விசையின் மையம் அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கிறது. இந்த நிமிர்த்தும் திறன் படகின் நீளத்தோடு நேராகவும், அகலத்தோடு மும்மடியாகவும் கூடுகிறது. அகலத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. அதற்கு எதிராக வேலை செய்வது, ஆட்கள் எழுந்து நிற்கும்போது உயரும் ஈர்ப்பு மையம். 12 அடிப் படகில் இரண்டு பேர் நிற்கிறார்கள், மொத்த எடை 300 கிலோ, ஈர்ப்பு மையம் அடித்தட்டிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அடித்தட்டின் அகலம் 1.2 மீட்டரானால், 75 கிலோ எடையுள்ளவர் 40 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகரும்போது படகு ஏறக்குறைய 6 டிகிரி சாயும். கால் தன்னால் சமாளித்துக்கொள்ளும் சாய்வு அது. அகலம் 90 சென்டிமீட்டராகக் குறைந்தால் அதே கணக்கில் நிமிர்த்தும் திறன் அநேகமாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. ஒருவர் நகர்ந்ததும் இருவரும் நீரில். வெளியே பார்ப்பவருக்கு இரண்டு படகுகளும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு அடி அகல வித்தியாசத்தில் உயிர் தொங்குகிறது.

விற்பவர்கள் சொல்லும் அகலம் பெரும்பாலும் மேல்விளிம்பின் அகலம். நீங்கள் அளக்கவேண்டியது அடித்தட்டின் அகலத்தை. டேப்போடு போய்ப் படகைக் கவிழ்த்து அளந்துவிடுங்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டு தட்டு ஃபைபர் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நீர்த்தேக்கம் அமைதியாக இருந்தது, புயல் இல்லை, அலை இல்லை. உயரமான கலத்தில் மேலே ஆட்கள் ஏறி, ஒரு பக்கமாக நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மாலை காட்டியது. உள்நாட்டு நீர்நிலையில் ஆபத்து பெரும்பாலும் படகுக்குள்ளிருந்தே வருகிறது.

அடுத்து உலோகம். அலுமினியம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1898-ல் சென்னை கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். செம்பும் பித்தளையும் தட்டிய கைகள் இந்தப் புது உலோகத்துக்கு மாறின. பிறகு சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965 முதல் உலோகம் உருக்கியது. 2008-ல் அந்த உருக்காலை நின்றது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசல்கள் மிதந்துகொண்டிருக்க, அதன் அருகிலேயே அலுமினியம் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாற்பது சொச்சம் ஆண்டுகளில், இரண்டையும் இணைக்கும் ஒரு மீனவர் படகு பரவலாக வந்திருக்கக்கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பினுடையது 7.85. ஒரே எடையில் அலுமினியத் தகட்டை இரும்பைப்போல 2.9 மடங்கு தடிமனாக எடுக்கலாம். தகடு வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடி. அலுமினியம் இயல்பில் இரும்பைவிட மூன்று மடங்கு நெகிழ்வானது என்பதைக் கழித்த பிறகும், ஒரே எடையுள்ள அலுமினியத் தகடு 8 மடங்கு விறைப்பாக நிற்கிறது. 2 மில்லிமீட்டர் தகட்டில் 12 அடிப் படகைச் செய்தால், உள் விலாச்சட்டங்களும் இருக்கைகளும் சேர்ந்து சுமார் 70 கிலோவில் முடிந்துவிடும். நான்கு பேர் சேர்ந்து சேற்றில் தூக்கிப் போகலாம். பின்புறம் இரண்டு சக்கரம் மாட்டினால் இருவரே போதும்.

பாத்திரத்து அலுமினியம் படகுக்கு உதவாது. படகுக்கு மக்னீசியம் கலந்த உலோகம் வேண்டும். 5052 என்ற கலவையில் அது ஏறக்குறைய இரண்டரை சதவீதம், 5083-ல் நாலரை சதவீதம். தகட்டின் மேல் இந்த எண் அச்சிட்டிருக்கும், அல்லது வாங்கிய ரசீதில் இருக்கும். இரண்டும் இல்லாத பட்டறையில் செய்த படகை நான் நம்பமாட்டேன்.

ஜவ்வாது மலை அடிவார நீர்நிலைகளில் பாறைகள் தண்ணீருக்கு மேலே தலைகாட்டுவதும் உண்டு, ஒரு சாண் கீழே ஒளிந்திருப்பதும் உண்டு. ஃபைபர் மோதினால் அதன் கண்ணாடி இழை அடுக்கு 2, 3 சதவீத நீட்சிக்கு மேல் தாங்காது, கீறல் விடும். மேல்பூச்சில் விழும் மயிரிழைக் கீறல் வழியாக நீர் உள்ளே கசிந்து அடுக்குகளைப் பிரிக்கும். 5052 தகடு 10 சதவீதத்துக்கு மேல் நீளும். அடி விழுந்தால் குழி விழும், அவ்வளவுதான். குழி விழுந்த படகு அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேரும்.

இங்கே ஃபைபரின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது கிழிந்தால் ரெசினும் கண்ணாடிப் பாயும் வாங்கி, அணைக்கரையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியம் கிழிந்தால் ஆர்கான் வாயு வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர் வேண்டும். பற்றவைத்த இடத்தைச் சுற்றி உலோகம் தன் பலத்தில் ஒரு பகுதியை இழக்கும், ஏனென்றால் 5052-ன் வலிமை உருட்டி இறுக்கியதால் வந்தது, சூடு அதை இளக்கிவிடும். ரிவெட் அடித்த படகில் இந்தக் கேடு இல்லை. ஆனால் ரிவெட்டுகள் வருடங்கள் போகப்போக அதிர்வில் தளர்ந்து சொட்டத் தொடங்கும். துடுப்பும் சிறு மின்மோட்டாரும் மட்டுமே வைத்துக்கொள்பவருக்கு ரிவெட் படகு போதும், எடையும் குறைவு. பெட்ரோல் மோட்டார் மாட்டுவதாக இருந்தால் பற்றவைத்த படகே மேல், அதிலும் மோட்டார் தொங்கும் பின்பலகையின் மூலைகளில் தாங்குதகடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அலுமினியம் அலுப்பை மறக்காத உலோகம். இரும்புக்குள்ள பாதுகாப்பு எல்லை அதற்குக் கிடையாது, சிறு அதிர்வும் கோடிக்கணக்கான முறை சேர்ந்தால் வெடிப்பாகும்.

துரு? இரும்பைப்போலப் பிடிக்காது. வெட்டிய கணமே காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கண்ணுக்குத் தெரியாத தோல் அதன்மேல் படர்ந்துவிடுகிறது. கார அமிலக் குறியீடு 4-க்கும் 8.5-க்கும் இடையே இருக்கும்வரை அந்தத் தோல் நிலைக்கும். நம் ஏரிகள் கோடையில் பாசி பிடித்துப் பச்சையாகும்போது, பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நண்பகலில் அந்தக் குறியீடு 9-ஐத் தாண்டலாம். இரவில் திரும்ப இறங்கும். வேலை முடிந்ததும் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பவருக்கு இதனால் கவலை இல்லை, மாதக்கணக்கில் பச்சைத் தண்ணீரில் கட்டிப்போடுபவருக்கு உண்டு. ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்கவே கூடாது. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரித்துத் தின்னும்.

இதைவிடப் பெரிய எதிரி செம்பு. பித்தளைத் திருகாணியும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் உருவாகிறது, அதில் கரைவது அலுமினியம். துருப்பிடிக்காத எஃகு ஆணி போட்டு, இடையே ரப்பர் வாஷர் வைத்தால் நன்னீரில் போதுமானது. கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு கலந்த மருந்து ஊட்டிய பலகையை உள்ளே தரையாகப் போடுவதும் அதே தவறுதான். மின்மோட்டாரின் இரண்டு கம்பிகளும் தனித்தனியே பேட்டரிக்குப் போகவேண்டும், படகின் உடலையே ஒரு கம்பியாகப் பயன்படுத்தினால் தகடு ஊசிக்கண் ஊசிக்கண்ணாகத் துளைபடும்.

நமக்கு மிக முக்கியமான விஷயம் இன்னொன்று உண்டு. அது சத்தம்.

மீன்களின் காது தலைக்குள்ளே இருக்கிறது. கெண்டை இனங்களிலும் கெளுத்தி இனங்களிலும் காற்றுப்பையிலிருந்து அந்த உள்காதுக்கு அதிர்வைக் கடத்தும் சின்னஞ்சிறு எலும்புகளின் தொடர் உண்டு. 1820-ல் இதை விவரித்த எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபரின் பெயரால் வெபர் எலும்புகள் என்கிறார்கள். காற்றுப்பை ஒலியில் அதிரும், எலும்புகள் அந்த அதிர்வைக் காதில் சேர்க்கும். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் கெண்டை இனம். வாளை கெளுத்திகளின் உறவு. அதாவது நம் நீர்த்தேக்கத்தில் நாம் தேடும் பெரிய மீன்கள் எல்லாமே கூர்ந்த காதுள்ளவை. இந்தக் கூட்டத்து மீன்கள் பல 3,000 ஹெர்ட்ஸ் வரையிலும் கேட்கும். பைக் குடும்பத்துக்கு, ஆகவே மஸ்கிக்கு, அந்த எலும்புத் தொடர் கிடையாது. அமெரிக்கத் தூண்டில்காரர் பொறுத்துக்கொள்ளும் தகட்டுச் சத்தத்தை நாம் பொறுத்துக்கொள்ள முடியாது.

படகில் உட்கார்ந்து பேசுவதால் பெரிய பாதகமில்லை. காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழையும், மற்றது மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால் துடுப்பின் கட்டை தகட்டில் இடித்தால், தகடே பறையின் தோல்போல அதிர்ந்து அந்த ஒலியை நேரே நீருக்குள் அனுப்பும். நீரில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வாளைக்கு நீங்கள் வந்த செய்தி ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பரிசல்காரரை மீன் அவ்வளவு எளிதில் உணராததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மூங்கிலும் தாரும் ஒலியை விழுங்கும். அலுமினியப் படகின் தரையில் கனத்த ரப்பர் பாய் விரித்து, துடுப்பு உரசும் விளிம்பில் பழைய டயர் டியூபைச் சுற்றினால் பாதிக்குமேல் சத்தம் அடங்கிவிடும். ரப்பர் பாய்க்கு இன்னொரு பயனும் உண்டு. அலுமினியம் ஃபைபரைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அடித்தட்டு நீரைத் தொட்டுக் குளிர்ந்திருக்கும், வெயில் படும் இருக்கையும் மேல்விளிம்பும் சித்திரை நண்பகலில் தோலைச் சுட்டுவிடும்.

காற்றும் அலையும் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். 3 கிலோமீட்டர் திறந்த நீரில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தொடர்ந்து வீசினால் அலை சுமார் ஓர் அடி உயரும். செண்பகத்தோப்பு, போளூர்ப் பெரிய ஏரி போன்றவற்றில் அந்த அளவு வளர இடம் போதாது. சாத்தனூரின் அகன்ற பகுதியில் வளரும். தட்டையடிப் படகு அந்த அலையில் அறைந்து அறைந்து போகும், முன்பக்கம் மட்டும் லேசாக ‘வி’யாக மடித்த வடிவம் அதைப் பெருமளவு குறைக்கும். பக்கச்சுவர் முழு எடையிலும் நீருக்கு மேலே ஓர் அடிக்குக் குறையாமல் நிற்கவேண்டும். சாத்தனூரில் முதலைகள் உண்டு என்பதும் உயரமான பக்கச்சுவருக்கு ஒரு காரணம்.

மோட்டாரில் பணத்தைக் கொட்டவேண்டாம். நீரை ஒதுக்கிக்கொண்டு போகும் எந்தப் படகும் தன் நீளத்துக்குச் சமமான அலையைத் தானே எழுப்பி அதற்குள் சிக்கிக்கொள்ளும். 12 அடிப் படகுக்கு அந்த எல்லை மணிக்கு எட்டரை கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு 2 குதிரைத்திறனே போதும். மீறிப் போக அலையின்மேல் ஏறி வழுக்கவேண்டும், அதற்குப் பல மடங்கு சக்தி தேவை. மரக்கட்டை புதைந்த நீர்த்தேக்கத்தில் அந்த வேகத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். இந்த நீர்நிலைகளில் மீன்பிடி உரிமை குத்தகையிலோ அரசின் பொறுப்பிலோ இருக்கிறது, சாத்தனூர் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. அனுமதி வாங்கிய பிறகே படகுக்கு விலை பேசுங்கள்.

கடைசியாக, வாங்கும் முன் ஒரு சோதனை. அலுமினியத் தகடு நீர் நிறைந்தால் மூழ்கும். 70 கிலோ படகு முழுக நனைந்தால் 44 கிலோவாக எடை காட்டும். அதைத் தூக்கி நிறுத்த இருக்கைகளுக்கு அடியில் நுரை அடைத்திருக்கவேண்டும், மோட்டாரையும் பேட்டரியையும் பிடித்துத் தொங்கும் இருவரையும் சேர்த்தால் 100 லிட்டர் நுரைக்குக் குறையக்கூடாது. பழைய படகில் அந்த நுரை நீரை உறிஞ்சிக் கனத்திருக்கும், எடை போட்டால் தெரிந்துவிடும். புதிய படகானாலும் இடுப்பளவு நீரில் இறக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். இருவர் பக்கத்தில் பிடித்துத் தொங்குங்கள். மூழ்காமலும் குப்புறப் புரளாமலும் நின்றால் வாங்கலாம். தேறாவிட்டால் விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், உயிர்காப்பு உடை இரண்டும் நல்ல ஃபைபர் பரிசல் ஒன்றும் வாங்க அந்தப் பணம் போதும்.